சாகாத வீரனும் மந்திரம் மறக்கிற மந்திரவாதியும்: வாசகர் கேள்வி பதில்

டைஸ் உருட்டி விளையாடுற கதை விளையாட்டைப் பற்றிப் போன இதழ்ல எழுதினாப் பிறகு திருகோணமலைப் பக்கத்து ஆக்களிட்ட இருந்துதான் கூடக் கேள்வி வந்திருக்கு, அதில முக்கால்வாசி முறைப்பாடு. தெரியாத ஆக்களுக்கு ஒரு வசனத்தில சொல்லுறன்: நாலஞ்சு பேர் மேசையைச் சுத்தி இருந்து ஆளுக்கொரு பாத்திரம் எடுக்க, ஒருத்தர் டிஎம் எண்டு கதையை நடத்த, நடக்குமோ நடக்காதோ எண்டு சந்தேகம் வாற இடத்தில டைஸ் உருட்டி முடிவெடுக்கிற விளையாட்டு. 1974ல அமெரிக்காவில கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி வெளிவந்த டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதுகளுக்கு மூத்தது, சுருக்கமா டி அண்ட் டி. கீழ வாறதெல்லாம் அதின்ர ரூல்ஸோட மல்லுக்கட்டினவையின்ர கடிதங்கள்.

கேள்வி: அண்ணை, எங்கட குறூப்பில ஒருத்தன்ர வீரன் 12ம் லெவல். அவனை ஒரு பேய் மலையுச்சியில இருந்து தள்ளி விட்டுட்டுது. நான் டிஎம்மிட்ட, இதை எங்கட ராவணன் வெட்டு உயரம் எண்டு வைப்பம், விழுந்தா எலும்பும் மிஞ்சாது எண்டன். அவர் டைஸை உருட்டிப்போட்டு இன்னும் 30 இருக்கு, எழும்பு எண்டார். அவனும் எழும்பி மண்ணைத் தட்டிப்போட்டு நடக்கிறான். இதென்ன நியாயம்? (உவர்மலை வாசகர்)

பதில்: தம்பி, உங்கட கோவம் சரி, ஆனா டிஎம்மின்ர கணக்கும் பிழையில்ல. 2014ல வந்த அஞ்சாம் பதிப்பில ரூல் இப்பிடித்தான், 10 அடிக்கு ஒரு ஆறுமுக டைஸ், எவ்வளவு உயரத்தில இருந்து விழுந்தாலும் 20 டைஸுக்கு மேல போகாது. 20 டைஸ் உருட்டினா சராசரி 70 வரும். 12ம் லெவல் வீரனுக்கு உடம்பு கொஞ்சம் உரமெண்டா 100 ஹிட் பொயின்ட் இருக்கும், ஆள் விழ முதல் எவ்வளவு அடி தாங்குவார் எண்ட நம்பர்தான் அது. அப்ப கோணேசர் கோயில் மலையென்ன, ஆகாயத்தில இருந்து விழுந்தாலும் அந்தாள் அநேகமா உயிரோடதான் இருப்பார், அதோட 8 மணித்தியாலம் படுத்து எழும்பினா 100ம் திரும்பி வந்திடும், பிளாஸ்டர் ஒட்டவும் தேவையில்ல.

உந்தக் கணக்கு எங்க இருந்து வந்ததெண்டு கேட்டா துறைமுகத்து ஆக்களுக்குச் சிரிப்பு வரும், கப்பல்ல இருந்துதான் வந்தது. டி அண்ட் டிக்கு முன்னம் 1971ல செயின்மெயில் எண்டொரு போர் விளையாட்டு இருந்தது, அதில சாதாரணப் படைவீரனுக்கு ஒரு அடி சரியா விழுந்தா ஆள் முடிஞ்சுது. ஆர்னசன் அதை வச்சுத் தன்ர கூட்டாளியளோட கதை விளையாடத் தொடங்கேக்க, ஆசை ஆசையா வளர்த்த பாத்திரம் ஒரே அடியில போறது ஒருத்தருக்கும் பிடிக்கேல்ல. அவர் ஏற்கனவே கடற்சண்டை விளையாட்டுக்காரர், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால இரும்புக் கப்பல்களுக்கு இருந்த ரூலில கவசத்துக்கு ஒரு நம்பர், எத்தினை அடி தாங்கும் எண்டதுக்கு ஒரு நம்பர், அதை அப்பிடியே தூக்கி மனிசருக்குப் போட்டிட்டார். கப்பலுக்கெண்டாலும் அது முழுக்கப் பொருந்துதோ எண்டா இல்ல. 1942 ஏப்ரல்ல திருகோணமலையில இருந்து வெளிக்கிட்டுப் போன ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில ஜப்பான் விமானங்கள் அடிக்கேக்க, அது கடைசிக் குண்டு விழும் வரைக்கும் ஒண்டும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டு இருக்கேல்லத்தானே. ஹிட் பொயின்ட்டில அதுதான் பெரிய பொய், 100 இருந்தாலும் 1 இருந்தாலும் வீரன் ஒரே வேகத்திலதான் வாள் வீசுவான்.

கைகாக்ஸுக்கும் இது தெரியும். 1979ல டிஎம்மாருக்கெண்டு எழுதின புக்கில, இது சதையும் ரத்தமும் மட்டுமில்ல, அதிர்ஷ்டம், அனுபவம், கடவுள் அருள் எல்லாம் சேர்ந்ததுதான் எண்டு விளக்கம் குடுத்தார். நல்ல சமாளிப்பு, ஆனா அந்தப் பொயின்ட்டைக் கூட்டுற மந்திரத்துக்குப் பேர் காயம் ஆத்துறது எண்டு வச்சா ஆர் நம்புறது? அதிர்ஷ்டத்துக்கு என்ன மருந்து கட்டுறது?

என்ர எண்ணம் என்னெண்டா, வாள் சண்டைக்கு ஹிட் பொயின்ட்டை அப்பிடியே விடுங்கோ, அங்க அது நல்லா வேலை செய்யுது, கதையில பதட்டத்தைக் கூட்டுது. மலை, தூக்கில போடுறது, நித்திரையில கழுத்தை வெட்டுறது மாதிரி இடங்களில அதைப் பாவிக்காதீங்கோ. விழப்போறவனுக்கு ஏதாவது ஒண்டைப் பிடிக்க ஒரு சந்தர்ப்பம் குடுங்கோ, தவறினா ஆள் போச்சு. நித்திரை கொண்டு சுகமாகிறது எரிச்சலெண்டா 2014 டிஎம் புக்கிலயே மாத்து ரூல் ஒண்டு கிடக்கு, சின்ன ஓய்வு 8 மணித்தியாலம், முழுக்கச் சுகமாகிற பெரிய ஓய்வு 7 நாள். அதைப் போட்டா உங்கட பெடியள் சண்டைக்குப் போக முதல் ஒருக்கா யோசிப்பினம்.

கேள்வி: எங்கட டிஎம் பழைய ரூல்தான் சுத்தம் எண்டு 1981 பதிப்பு விளையாட வைக்கிறார். என்ர மந்திரவாதி காலமை ஒரு மந்திரம் படிக்கிறாள், மத்தியானம் அதைச் சொல்லுறாள், சொன்னோடன அவளுக்கு அது மறந்துபோகுது. பிறகு நாள் முழுக்க கத்தி எறியிறதுதான் வேலை. வருசக்கணக்காப் படிச்சவள் ஒரு மந்திரத்தை எப்பிடி அண்ணை மறப்பாள்? (நிலாவெளி வாசகி)

பதில்: தங்கச்சி, இது கைகாக்ஸ் விரும்பி வாசிச்ச ஜாக் வான்ஸ் எண்ட எழுத்தாளரின்ர கதையளில இருந்து எடுத்த சங்கதி. அந்தக் கதையளில மந்திரம் எண்டது மூளைக்குள்ள பலவந்தமா ஏத்தி வைக்கிற ஒரு பாரம், சொன்னோடன வெளிய போயிடும், திரும்ப ஏத்தவேணும். கதையில வாசிக்கேக்க அருமையா இருக்கும். டி அண்ட் டிக்குள்ள வந்தாப் பிறகு அந்த அருமை காணாமப் போய் வெறும் தோட்டா எண்ணுற கணக்கு மட்டும் மிஞ்சிச்சு.

ஆனா உங்கட டிஎம்மை முழுக்கக் குறை சொல்லேலாது. அந்தப் பதிப்பில முதலாம் லெவல்லயே நித்திரை மந்திரம் எடுக்கலாம், அது ஒரு அறை நிறைய நிக்கிற சின்ன எதிரியள் எல்லாரையும் தப்பிக்கச் சந்தர்ப்பமே குடுக்காமல் விழுத்திப்போடும். ஒரு மந்திரம்தான், ஆனா அது அண்டைய நாளின்ர துருப்புச் சீட்டு, எப்ப இறக்கிறது எண்டதுதான் உங்கட விளையாட்டு. கேள்வி என்னெண்டா டிஎம் உங்களுக்கு அதை இறக்கிற மாதிரி நாளொண்டு தாறாரோ? ஒரு சண்டை, பிறகு மூண்டு மணித்தியாலம் கதவு திறக்கிற விவாதம் எண்டா நீங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு இருக்கவேண்டியதுதான். அதோட மந்திரவாதி எண்டா கத்தி எறியத்தான் வேணுமெண்டு ஒரு ரூலும் இல்ல, பழைய சுவரில இருக்கிற எழுத்தை வாசிக்கிறது, எண்ணெய்ப் போத்தல் கொழுத்தி எறியிறது, அடைபட்டவனோட பேரம் பேசுறது எல்லாத்தையும் கேட்டு வாங்குங்கோ. சரிவரேல்லையோ, அஞ்சாம் பதிப்பில எத்தினை தரமும் சொல்லக்கூடிய சின்ன மந்திரங்கள் இருக்கு, அதில ரெண்டை எடுத்து உங்கட டிஎம்மின்ர சுத்தமான ரூலுக்குள்ள கள்ளமா நுழையுங்கோ.

கேள்வி: என்ர பாத்திரம் 20 வருசம் கடலில கிடந்த வள்ளக்காரன். அலை அடிக்கேக்க டிஎம் டைஸ் உருட்டச் சொன்னார், 3 விழுந்து வள்ளம் பிரண்டுது. மற்றவன்ர பாத்திரம், கடலையே காணாத சாமியார், 19 விழுத்தி வள்ளத்தை நிமித்தினார். நான் உண்மையிலயே கடல்தொழில் செய்யிற குடும்பத்துப் பெடியன், எனக்கு விசர் வந்திட்டுது. (கிண்ணியா வாசகர்)

பதில்: வராதே பின்ன. இதில பிழை 20 முக டைஸிலதான். அதில ஒவ்வொரு முகத்துக்கும் 5 சதவீதம், 1க்கும் அதே 5, 10க்கும் அதே 5, அப்ப திறமையை விட அதிர்ஷ்டம்தான் பெரிசாத் தெரியும். 15 எடுக்கவேணும் எண்டு வைப்பம், உங்கட வள்ளக்காரனுக்குத் திறமைக்கு 6 கூட்டுவினம், சாமியாருக்கு 0. நீங்கள் வெல்ல 60 சதவீதம், அவர் வெல்ல 30. நீங்கள் தோத்து அவர் வெல்லுற சந்தர்ப்பம் 12 சதவீதம், எட்டுத் தரத்துக்கு ஒருக்கா உங்களுக்கு விசர் வரும். இதையே மூண்டு ஆறுமுக டைஸ் சேர்த்து உருட்டிப் பாருங்கோ, நடு நம்பர்தான் கூட விழும், உங்களுக்கு 74 சதவீதம், சாமியாருக்கு 9 சொச்சம், அந்த அவமானம் நடக்கிறது 2.4 சதவீதம்தான். 1986ல வந்த கேர்ப்ஸ் எண்ட விளையாட்டு மூண்டு ஆறுமுக டைஸிலதான் ஓடுது, சும்மா இல்ல.

டைஸை மாத்த டிஎம் விடமாட்டார் எண்டா ஒண்டு கேளுங்கோ, ஏன் உருட்டச் சொன்னவர் எண்டு. 20 வருச அனுபவக்காரனுக்குச் சாதாரண அலைக்கு டைஸே தேவையில்ல. புயல், இருட்டு, பின்னால துரத்துறவன், இப்பிடி ஏதாவது இருக்கேக்கதான் உருட்டவேணும், அப்பவும் தோத்தா வள்ளம் பிரளுறது ஒண்டுதான் முடிவோ? சுக்கான் உடையலாம், பாதை மாறி வேற கரைக்குப் போகலாம், வலை போகலாம். 2010ல வின்சென்ட் பேக்கர் எழுதின அபோகலிப்ஸ் வேர்ல்ட் விளையாட்டில ரெண்டு ஆறுமுக டைஸ், 10உம் அதுக்கு மேலயும் எண்டா முழு வெற்றி, 7ல இருந்து 9 வரைக்கும் வெற்றிதான் ஆனா ஏதாவது ஒண்டு குடுத்தாகவேணும். கடலுக்கு அந்த 7-9 நல்லாப் பொருந்தும், உங்கட வீட்டில கேட்டாச் சொல்லுவினம்.

கேள்வி: பையில கிடக்கிற காசின்ர பாரம் கூடக் கணக்குப் பார்க்கச் சொல்லுறாங்கள். இது விளையாட்டோ கணக்காய்வோ? (தம்பலகாமம் வாசகர்)

பதில்: ஐயா, ஒரு காலத்தில இதுதான் விளையாட்டே. 1981 பதிப்பில ஓர்க் எண்ட அரக்கன் ஒண்டைக் கொண்டா, லெவல் ஏறுறதுக்குச் சேர்க்கிற அனுபவப் பொயின்ட் 10தான், ஆனா வெளிய கொண்டு வாற ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஒரு பொயின்ட். வீரன் ரெண்டாம் லெவலுக்குப் போக 2000 வேணும். 10 காசு ஒரு பவுண்ட் பாரம், அப்ப ஒருத்தன் ஒரு லெவல் ஏற 200 பவுண்ட், ரெண்டு சிமெந்து பேக்குக்குக் கிட்ட, குகைக்குள்ள இருந்து சுமக்கவேணும். கவசத்தைக் கழட்டிப்போட்டுக் காசை எடுக்கிறதோ, கழுதை வாங்கிறதோ, கூலியாள் பிடிக்கிறதோ, பாரத்தோட ஓடேலாமப் பேயிட்ட மாட்டுறதோ எண்டு முழுக் கதையும் அந்தக் கணக்குக்குள்ளதான் கிடந்தது. இண்டைக்கு கனபேர் கதையின்ர கட்டம் முடிய லெவல் குடுக்கினம், காசுக்குப் பொயின்ட் இல்ல, பலம் 16 இருக்கிறவன் அஞ்சாம் பதிப்பில 240 பவுண்ட் தூக்கலாம், 50 காசு சேர்ந்தாத்தான் ஒரு பவுண்ட். அப்ப காசின்ர பாரம் ஆருக்குத் தடையாகுது? காரணம் போனாப் பிறகு ரூல் மட்டும் நிண்டா அது வேலை வெட்டி இல்லாத ரூல்தான். ஒண்டில் தங்கத்துக்குப் பொயின்ட்டைத் திரும்பக் கொண்டு வாங்கோ, இல்லாட்டி பாரத்தைத் தூக்கி எறியுங்கோ, ரெண்டுக்கும் நடுவில நிண்டு ஆக்களை அறுக்காதீங்கோ.

கேள்வி: கவசம் நம்பர் குறைஞ்சாத்தான் நல்லமாம், எதிரியில அடி விழுமோ எண்டு பார்க்க தாக்கோ எண்டொரு கழித்தல் கணக்காம். ஏன் இப்பிடி? (பாலையூற்று வாசகர்)

பதில்: 2000ம் ஆண்டு வந்த மூண்டாம் பதிப்போட அந்த வழக்கம் முடிஞ்சுது, இப்ப நம்பர் கூடினாத்தான் நல்லம். பழைய புக்கை ஆரோ மலிவா வாங்கியிருக்கினம்போல.

கேள்வி: எங்கட ஆள் ஒருத்தன் தன்ர பாத்திரம் குழப்படிக் குணம் எண்டு பேப்பரில எழுதி வச்சுக்கொண்டு எங்கட சாமானையே களவெடுக்கிறான். கேட்டா என்ர குணம் அப்பிடி எண்டுறான். (அலஸ்தோட்டம் வாசகி)

பதில்: 1974ல ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் எண்டு மூண்டுதான் இருந்தது, அது குணத்தை விட ஆர் எந்தக் கட்சி எண்டதைத்தான் காட்டிச்சு. பிறகு நல்லது கெட்டதையும் சேர்த்து ஒன்பதாக்கினவை, அண்டைக்குப் பிடிச்ச சனியன் இது. அஞ்சாம் பதிப்பில அந்தச் சொல்லை வச்சு நடக்கிற ரூல் வலு குறைவு, அழிச்சு விட்டாலும் ஒண்டும் குறையாது. ஆனா உங்கட பிரச்சினைக்கு ரூல் மருந்தில்ல தங்கச்சி. பாத்திரத்தின்ர குணத்தைத் தெரிஞ்செடுத்தவர் அவர்தானே, அப்ப கூட்டாளியளிட்டக் களவெடுக்காத குணமொண்டைத் தெரிஞ்செடுக்கச் சொல்லுங்கோ, மாட்டன் எண்டா அடுத்த முறை தேத்தண்ணி ஊத்தேக்க அவரை விட்டிட்டு ஊத்துங்கோ.

கேள்வி: இஞ்ச கடையளில 20 முக டைஸ் இல்ல, புக்கும் விலை. ரூல்ஸைத் தமிழில எழுதித் தங்கச்சியாக்களுக்குக் குடுத்தா வழக்குப் போடுவாங்களோ? (திருகோணமலை நகர் வாசகர்)

பதில்: அஞ்சாம் பதிப்பின்ர அடிப்படை ரூல்ஸை, சிஸ்டம் ரெஃபரன்ஸ் டொக்கியுமென்ட் 5.1 எண்ட பேரில இருக்கிறதை, 2023 ஜனவரியில விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் கம்பெனி கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில விட்டிட்டுது. அதைத் தமிழாக்கலாம், மாத்தலாம், வித்தாலும் கேள்வியில்ல, எங்க இருந்து எடுத்தது எண்டதை அவை கேட்டபடி போட்டாச் சரி. புக்கில இருக்கிற படங்களும் அந்த டொக்கியுமென்ட்டில இல்லாத பேய் பிசாசுகளும் அதுக்குள்ள அடங்காது, அதைத் தொடாதீங்கோ. டைஸுக்கு போனில இலவச அப் கிடக்கு, கையில உருட்டின மாதிரி வேணுமெண்டா 1ல இருந்து 20 வரைக்கும் கடுதாசித் துண்டில எழுதி மா டின்னுக்குள்ள போட்டுக் குலுக்கி எடுங்கோ. எடுத்த துண்டை ஒவ்வொரு தரமும் திரும்ப உள்ள போடவேணும், போடாமல் விட்டா கடைசியில என்ன நம்பர் மிச்சமெண்டு எண்ணிக்கொண்டு இருக்கிற கெட்டிக்காரி ஒருத்தி கட்டாயம் உங்கட தங்கச்சியாக்களுக்குள்ள இருப்பாள்.