மழை மாதக் கடனும் நள்ளிரவு ஆர்டரும்: வாசகர் கேள்வி – பதில்

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை. வெட்டு உள்ள மாதம் இருபதாயிரம் கையில் வரும். மழை பிடித்தால் நாலாயிரம் தேறாது. வருஷா வருஷம் சேர்த்து வைக்க நினைக்கிறேன். ஆனி வந்தால் மனைவியின் நகைதான் அடகுக்குப் போகிறது. எனக்குச் சிக்கனம் போதாதா?
– வாசகர், குலசேகரம்

போதாது என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2013-ல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. அறுவடைக்கு முன், கை வறண்டிருக்கும்போது சிந்தனைத் திறனுக்கு ஒரு சோதனை. பணம் வந்தபின் அதே ஆட்களுக்கு மறுபடியும். பணமில்லாத நேரத்தில் மதிப்பெண் குறைந்தது. நெருக்கடியில் மனம் இன்றைய செலவையே சுற்றிச் சுற்றி வரும், நாளைக்குப் போக இடம் இருக்காது. ஆகவே மழை மாதத்துக்கான முடிவை வெட்டு நடக்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

முதலில் போன வருஷக் காலண்டரை எடுத்து, வெட்டு நின்ற நாட்களை எண்ணுங்கள். ரெயின்கார்டு (வெட்டில் மழைநீர் இறங்காமல் மரத்தில் கட்டும் மறைப்பு) போடாத தோட்டமென்றால் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் சேர்ந்தே கெடுக்கும்; இலை உதிர்ந்து தளிர்க்கும்போது விடும் ஓய்வையும் மறக்காதீர்கள். எல்லாம் சேர்த்து நாலு மாதம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் செலவு மாதம் 12,000 என்றால், 4,000 போக 8,000 துண்டு விழும். நாலு மாதத்துக்கு 32,000. எட்டு நல்ல மாதங்களில் பங்கிட்டால் மாதம் 4,000, வாரம் சுமார் 1,000. அதன் பிறகும் நல்ல மாதத்தில் 4,000 மிஞ்சும். கோயில் கொடைக்கும் பெருநாளுக்கும் அதிலிருந்து எடுங்கள். அதையும் பிடித்தம் போட்டால் திட்டம் மூன்றாம் மாதமே படுத்துவிடும்.

பலர் சறுக்குவது பணத்தைப் போடும் இடத்தில். தபால் நிலைய ஆர்.டி. ஐந்து வருஷக் கணக்கு, ஆனியில் உங்களுக்கு உதவாது. அங்கேயே சாதாரண சேமிப்புக் கணக்கு 500 ரூபாயில் தொடங்கலாம். ஏடிஎம் கார்டு வாங்காதீர்கள், போன் பணப்பரிமாற்ற ஆப்பில் இணைக்காதீர்கள். கூலி வாங்கிய நாளிலேயே, கடைக்குப் போகும் முன் 1,000 ஒதுங்கட்டும். மழை மாதத்தில் மாதம் ஒரே ஒரு நாள், 8,000 மட்டும், சம்பளம் போல எடுங்கள். அவ்வப்போது ஐநூறு, ஆயிரம் என்று எடுக்கத் தொடங்கினால் ஆடிக்குள் தீர்ந்துவிடும்.

நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை. இரவு பதினொன்றுக்கு லேப்டாப்பை மூடியதும் ஏதாவது ஆர்டர் போட்டுவிடுகிறேன். கிரெடிட் கார்டில் 50,000 பாக்கி. மினிமம் டியூ (குறைந்தபட்சத் தொகை) தவறாமல் கட்டுகிறேன், பாக்கி குறையவே மாட்டேன் என்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

குறையாதது ஏன் என்று கணக்கே சொல்லும். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,750. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 315. ஆக 2,065. மினிமம் டியூ 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 2,500. அசலில் கழிவது வெறும் 435 ரூபாய். போதாக்குறைக்கு, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். எனவே கார்டில் வாங்குவதை உடனே நிறுத்திவிட்டு, தனிநபர் கடன் குறைந்த வட்டிக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கிடைத்தால் அதை வாங்கிக் கார்டை அடைத்துவிடலாம். அடைத்த கையோடு கார்டைத் திரும்பவும் தேய்த்தால் கடன் இரண்டாகும்.

இரவு ஆர்டருக்கு வருவோம். நாள் முழுக்க அடக்கிக்கொண்டு உழைத்த மூளை ஒரு சின்னப் பரிசு கேட்கிறது. அந்த நேரத்தில் மன உறுதியை நம்பிப் பயனில்லை. ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்த கார்டு விவரத்தை நீக்குங்கள். பதினாறு இலக்கத்தையும் எழுந்துபோய்ப் பார்த்து அடிக்க வேண்டியிருந்தால் பாதி ஆர்டர் அங்கேயே நின்றுவிடும். பிடித்ததைக் கூடையில் போடுங்கள், காசு கட்டுவது சனிக்கிழமை காலையில் மட்டும். பரிசையும் பிடுங்கிவிடாதீர்கள்: வேலை முடிந்ததும் தெருமுனைவரை ஒரு நடை, ஒரு கட்டன் சாயா என்று வேறு ஏதாவது இருக்கட்டும்.

வீட்டுக்காரர் வளைகுடாவில். தங்கச்சி கல்யாணத்துக்கு அவருக்குத் தெரியாமல் ஒரு லட்சம் ஐந்து ரூபாய் வட்டிக்கு வாங்கினேன். குழுக் கடனும் நகைக் கடனும் உண்டு. தூக்கமே இல்லை.
– பெயர் வேண்டாம், கருங்கல்

ஐந்து ரூபாய் வட்டி என்றால் மாதம் 5,000, வருஷத்துக்கு 60,000. அசல் அப்படியே நிற்கும். ஒரு தாளில் யாருக்கு, எவ்வளவு அசல், என்ன வட்டி, எந்தத் தேதி என்று எல்லாக் கடனையும் எழுதுங்கள். குழுத் தவணையையும் நகை வட்டியையும் தவறாமல் கட்டிக்கொண்டு, மிச்சப் பணம் முழுவதையும் இந்த ஐந்து ரூபாய் வட்டிக் கடனின் அசலில் போடுங்கள். வட்டிக்காரர் மிரட்டினால் 2003-ன் கந்துவட்டித் தடைச் சட்டப்படி போலீசில் புகார் கொடுக்கலாம்.

அந்தத் தாளைப் படமெடுத்து, வீட்டுக்காரருடைய விடுமுறை நாளில் அனுப்பிவிட்டு, பிறகு பேசுங்கள். பாதித் தொகையைச் சொல்லிச் சமாளிக்க வேண்டாம். மீதி வெளியே வரும் நாளில் கடனைவிட அந்த மறைப்புதான் பெரிதாகத் தெரியும். தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் காத்திருக்காமல் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் அது; இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.