மருந்து ஆய்வும் கணினிப் பதிவும்: வாசகர் கேள்வி – பதில்

எம்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 120 நோயாளிகளிடம் இரண்டு மருந்துகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு. எக்செல் போதும் என்கிறார் வழிகாட்டி. ரெட்கேப் (REDCap, ஆய்வுத் தரவைப் பதியும் மென்பொருள்) வேண்டும் என்கிறார் புள்ளியியல் ஆசிரியர். யார் சொல்வதைக் கேட்பது?
— மருத்துவ மாணவர், மதுரை

புள்ளியியல் ஆசிரியர் சொல்வதைக் கேளுங்கள். எக்செல் கணக்குப் போட நல்ல கருவி. ஆய்வுத் தரவைப் பாதுகாத்து வைக்க அது போதாது. ஹீமோகுளோபின் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால், மற்ற நெடுவரிசைகள் அப்படியே நிற்க, 14-ஆம் நோயாளியின் மதிப்பு 37-ஆம் நோயாளியிடம் போய்விடும். சேமித்து மூடிய பிறகு எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது.

தேதியில் இன்னொரு சிக்கல். அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினியில் 03/04/2024 என்று தட்டினால் அது மார்ச் 4. அதே நெடுவரிசையில் 13/04/2024 என்று தட்டினால் தேதியாகவே ஏறாது, வெறும் எழுத்தாக நிற்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, எந்த மதிப்பை யார், எப்போது, என்னவாக மாற்றினார் என்ற தடம் சாதாரண எக்செல் ஃபைலில் இருக்காது. தணிக்கைக்கு வருபவர் முதலில் தேடுவது அதைத்தான்.

ரெட்கேப் 2004-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது. லாப நோக்கமற்ற நிறுவனங்களுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் தனிநபருக்குத் தரமாட்டார்கள். கல்லூரிதான் ஒப்பந்தம் போட்டுத் தன் சர்வரில் நிறுவ வேண்டும். உங்கள் கல்லூரியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஆராய்ச்சிப் பிரிவில் விசாரியுங்கள்.

கிடைத்துவிட்டால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே புராஜெக்டை ‘டெவலப்மென்ட்’ நிலையிலிருந்து ‘புரொடக்‌ஷன்’ நிலைக்கு மாற்றிவிடுங்கள். முதல் நிலையில் படிவத்தில் செய்யும் எந்த மாற்றமும் உடனே அமலாகி, ஏறிய தரவையே குலைத்துவிடும். இன்னொன்று: 1 = ஆம், 2 = இல்லை என்று குறியிட்டபின் அதைத் தலைகீழாக மாற்றாதீர்கள். சேமிப்பில் இருப்பது எண் மட்டுமே. பழைய ‘ஆம்’ அத்தனையும் ‘இல்லை’ ஆகிவிடும்.

எங்கள் மருத்துவமனைக்கு வாரந்தோறும் க்வெரி (ஏற்றிய தரவில் சந்தேகம் எழுப்பும் கேள்வி) குவிகிறது. பாதிக்கு மேல் கிரியாட்டினின் அளவு, விட்டுப்போன பரிசோதனை பற்றியவை. எப்படிக் குறைப்பது?
— ஆய்வு ஒருங்கிணைப்பாளர், கோவை

ஒரே வகைக் க்வெரி திரும்பத் திரும்ப வந்தால், பதிவு செய்பவரைக் குறைசொல்வதற்கு முன் படிவத்தைப் பாருங்கள். கிரியாட்டினின் 1.2 மி.கி./டெ.லி. என்பதும் 106 மைக்ரோமோல்/லிட்டர் என்பதும் ஒரே அளவுதான். பெருக்கும் எண் 88.4. படிவம் மைக்ரோமோல் கேட்டு, உங்கள் லேப் மி.கி.-யில் அறிக்கை தந்தால், யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் கால்குலேட்டரில் மாற்றிக்கொண்டிருப்பார். ஒருநாள் மறந்து 1.2 என்றே ஏற்றுவார். மதிப்பு வரம்புக்குள் இருக்கிறதா என்று மென்பொருள் பார்க்கும் சோதனை சிவப்புக் காட்டும். லேப் தரும் எண்ணையும் அலகையும் அப்படியே ஏற்ற இடம் கொடுத்து, மாற்றும் கணக்கைக் கணினியிடம் விடச் சொல்லி டேட்டா மேனேஜருக்கு எழுதுங்கள். ஆய்வு நடுவிலும் இதைத் திருத்தலாம்.

விட்டுப்போன பரிசோதனைக்கு ‘செய்யவில்லை’ என்ற கட்டமும் காரணம் எழுத இடமும் வேண்டும். அது இல்லாத படிவத்தில் வெற்றிடம் என்றால் மறந்ததா, செய்யாததா என்று யாருக்கும் தெரியாது. க்வெரி வரத்தான் செய்யும்.

உங்களுக்கு வரும் க்வெரியின் வாசகத்தையும் கவனியுங்கள். “106 என்று மாற்றவும்” என்று எழுதுவது தவறு. அது விடையைத் திணிப்பது. “மூலப் பதிவைப் பார்த்து மதிப்பையும் அலகையும் உறுதி செய்யவும்” என்பதே முறை. விடை எப்போதும் கேஸ் ஷீட்டிலிருந்தும் லேப் அறிக்கையிலிருந்தும் வர வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த நர்ஸுக்கு அக்கவுன்ட் வரும்வரை என் பாஸ்வேர்டைக் கொடுக்கலாமா?
— வாசகி, வேலூர்

கூடாது, ஒருநாள்கூட. அவர் ஏற்றுவதெல்லாம் உங்கள் பெயரில் பதிவாகும். மின்கையொப்பத்துக்கே பொருளில்லாமல் போகும். அக்கவுன்ட் வரும்வரை மூலப் பதிவைக் காகிதத்தில் ஒழுங்காக எழுதி வைக்கட்டும், பிறகு அவரே ஏற்றலாம். ஒருவர் வேலையை விட்டுப் போனால், அவருடைய அக்கவுன்டை அன்றே மூடச் சொல்லுங்கள்.

மூன்று மருத்துவமனைகளில் ஆய்வு. தரவு மேலாண்மையை வெளி நிறுவனத்திடம் கொடுக்கிறோம். ஒப்பந்தத்தில் எதையெல்லாம் கேட்க வேண்டும்?
— மருத்துவர், சென்னை

விலைப்பட்டியலைவிட உதவி மையத்தின் நேரத்தை முதலில் பாருங்கள். எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்ற குலுக்கலும் அதே மென்பொருளில் நடக்குமானால், ஞாயிறு இரவு லாகின் ஆகாவிட்டால் நோயாளி காத்திருக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட அழைப்புக்கு எத்தனை மணி நேரத்துக்குள் தீர்வு, சாதாரணச் சந்தேகத்துக்கு எத்தனை நாள் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

ஆய்வுத் திட்டம் நடுவில் திருத்தப்படுவது சகஜம். ஒவ்வொரு படிவ மாற்றத்துக்கும் எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் என்று இப்போதே பேசிவிடுங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். தொடங்குமுன் கற்பனை நோயாளிகளை ஏற்றிச் சோதிக்கும்போது வேண்டுமென்றே தப்பான மதிப்புகளைக் கொடுங்கள்: ஒப்புதல் கையெழுத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைத் தேதி, ஆண் நோயாளிக்குக் கர்ப்பப் பரிசோதனை. எச்சரிக்கை வராத இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம்.

முடிவில் தரவு மட்டும் கையில் வந்தால் போதாது. குறியீட்டு விளக்கமும், மாற்றங்களின் முழுத் தடமும் சேர்ந்து வர வேண்டும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதன் நோயாளிகளின் பிரதி போக வேண்டும். பேக்கப் எடுக்கிறோம் என்பார்கள். அதிலிருந்து ஒருமுறை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சர்வர் நின்றால் என்ன செய்வது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு மருந்து ஆய்வு விதிகளின்படி, கடுமையான பாதகம் ஏதேனும் நேர்ந்தால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆகவே காகிதப் படிவமும், அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் முகவரியும், தொலைபேசி எண்ணும் மூன்று மருத்துவமனைகளிலும் அச்சிட்டுத் தயாராக இருக்கட்டும். சர்வர் சரியான பிறகு அதே விவரத்தை மென்பொருளில் ஏற்றி, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும்.