காயில் கட்டுகிறவரிடம் கேளுங்கள்

வணக்கம் அண்ணா,

எங்கள் ஊரில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு ஸ்டார்ட்அப் பற்றி எழுதித் தரும்படி ஓர் இதழில் கேட்டிருக்கிறார்கள். தோட்டத்து மோட்டார் பழுதாகப் போவதை முன்கூட்டியே சொல்லும் கருவி செய்கிறார்கள். இணையத்தில் தேடினால் அவர்களுடைய வலைத்தளமும், அதிலிருப்பதையே திருப்பிப் போட்ட நான்கு செய்திகளும்தான் கிடைக்கின்றன. நிறுவனர் நன்றாகப் பேசுகிறார். ஆனால் அச்சுக்குப் போகுமுன் கட்டுரையைத் தனக்குக் காட்டவேண்டும் என்கிறார். எங்கிருந்து தொடங்குவது? காட்டலாமா?

ம., கோவை

அன்புள்ள ம.,

பேசத் தெரியாதவருக்கு முதலீடு கிடைப்பது கஷ்டம், அதனால் நீங்கள் சந்திக்கப்போகும் நிறுவனர்கள் எல்லாருமே நன்றாகத்தான் பேசுவார்கள். நானே ஒருமுறை விழுந்திருக்கிறேன். ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை) ‘பத்தாயிரம் விவசாயிகள் பயன்படுத்துகிறார்கள்’ என்றார்கள், அப்படியே எழுதிவிட்டேன். கட்டுரை வந்த வாரம் ஒருவர் கூப்பிட்டு, அது செயலியை இறக்கியவர்கள் கணக்கு சார், அதில் எத்தனை பேர் மறுநாள் திறந்தார்கள் என்று கேட்டீர்களா என்றார். கேட்கவில்லை.

அதனால் நிறுவனர் உங்களிடம் சொல்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சட்டப்படி அவர் அரசிடம் சொல்லியே ஆகவேண்டியதை முதலில் படியுங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் அவர்களுடைய லெட்டர்ஹெட்டிலும் பில்லிலும் சி.ஐ.என். (கம்பெனியின் அடையாள எண்) என்று எழுத்தும் எண்ணும் கலந்து 21 இலக்கத்தில் ஓர் எண் இருக்கும். அதன் நடுவில் ‘டி.இசட்.’ என்றிருந்தால் கோவைப் பதிவாளரிடம் பதிந்தது, ‘டி.என்.’ என்றால் சென்னை, அடுத்த நான்கு இலக்கம் பதிவான வருடம். ‘பதினைந்து வருட அனுபவம்’ என்கிற கம்பெனியின் எண்ணில் 2021 என்று இருந்தால் அங்கேயே முதல் கேள்வி கிடைத்துவிட்டது. அந்த எண்ணைக் கொண்டு கம்பெனிகளைப் பதிந்து கண்காணிக்கும் மத்திய அமைச்சகமான எம்.சி.ஏ.வின் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் அவர்கள் தாக்கல் செய்ததைப் பார்க்கலாம். ஏ.ஓ.சி. 4 என்பது வருடக் கணக்கு. பி.ஏ.எஸ். 3 என்பது யாருக்கு எத்தனை பங்கு என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்பது, ‘இத்தனை கோடி திரட்டினோம்’ என்ற செய்தியை இதோடு வைத்துப் பாருங்கள். கணக்கின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். விற்பனையில் பாதி நிறுவனருடைய அப்பாவின் மில்லுக்கே போயிருந்தால் அது அங்கேதான் தெரியவரும். அப்படி இருந்தால் தப்பு என்று சொல்லவில்லை, கோவையில் பல நல்ல தொழில் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது. ஆனால் வாசகருக்குத் தெரியவேண்டும்.

காப்புரிமை இருக்கிறது என்பார்கள். விண்ணப்பித்ததா, கிடைத்ததா என்று கேளுங்கள், காப்புரிமை அலுவலகத் தளத்தில் இலவசமாகவே தேடலாம். விண்ணப்பம் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும், அதனால் புதிய விண்ணப்பம் கண்ணில் படாவிட்டால் உடனே சந்தேகப்படவேண்டாம். கிடைத்திருந்தாலும் கருவி வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. ஒரு சொட்டு ரத்தத்தில் பல பரிசோதனை செய்வதாகச் சொல்லி மோசடியில் முடிந்த அமெரிக்காவின் தெரானோஸ் கம்பெனியிடம் காப்புரிமைகள் நிறையவே இருந்தன. இல்லாமல் போனது ஆய்வுக் கட்டுரை. பத்திரிகைகளில் இவ்வளவு புகழ், மருத்துவ ஆய்விதழ்களில் தேடினால் ஒன்றும் இல்லையே என்று 2015 பிப்ரவரியில் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜான் இயோனிடிஸ் எழுதினார். வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் முதல் புலனாய்வுக் கட்டுரை வந்தது அந்த அக்டோபரில்.

சரி, கருவிக்கு வருவோம். மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டாலோ தண்ணீர் இல்லாமல் ஓடினாலோ மோட்டாரை நிறுத்திவிடும் பிரிவென்டர் நம் தோட்டங்களில் ஏற்கெனவே இருக்கிறது. அது கோளாறு வந்தபின் நிறுத்துவது. உங்கள் ஆட்கள் ‘முன்கூட்டியே’ என்கிறார்கள், அந்த ஒரு வார்த்தைதான் முழுக் கட்டுரையும். கிணற்று மேட்டில் இருக்கும் மோட்டாரில் அதிர்வை அளக்க சென்சார் ஒட்டலாம். ஆயிரம் அடி போர்வெல்லில் தண்ணீருக்குள் கிடக்கும் மோட்டாரில் எதை ஒட்டுவது? மேலே ஸ்டார்ட்டர் பெட்டியில் வரும் கரண்டின் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் கீழே பேரிங் தேய்ந்ததையும் காயில் பலவீனமானதையும் ஊகிக்கவேண்டும். செய்யலாம், ஆனால் நம் ஊர் வோல்டேஜ் ஆடுகிற ஆட்டத்தில் எது மோட்டாரின் நோய், எது மின்வாரியத்தின் நோய் என்று பிரிப்பது சுலபமில்லை. அதை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கேளுங்கள், நிறுவனரிடம் கேட்பதைவிட பெட்டியை மாட்டிக்கொடுக்கிற பையனிடம் கேளுங்கள். கருவி எத்தனை முறை எச்சரித்தது, அதில் எத்தனை நிஜம், எச்சரிக்காமலேயே எரிந்த மோட்டார் எத்தனை? மூன்றாவது எண்ணை யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள்.

அப்புறம், அவர்கள் கருவி மாட்டிய ஊரில் எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்டும் கடை ஒன்று இருக்கும். அங்கே போய் உட்காருங்கள். கருவி நிஜமாகவே வேலை செய்தால் கடைக்காரருக்கு வருமானம் குறையும், அதனால் அவரளவுக்கு அதைக் கவனித்தவர் வேறு யாரும் இருக்கமாட்டார். அவரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார், ஆனால் எந்தப் பக்கம் கூட்டுவார் என்பது உங்களுக்குத் தெரியுமே.

கட்டுரையைக் காட்டவேண்டாம். எண்களையும், கருவி இயங்கும் விதத்தை நீங்கள் விளக்கியிருக்கும் பத்தியையும் போனில் வாசித்துக்காட்டி, தப்பிருந்தால் சொல்லுங்கள் என்று கேளுங்கள். தப்பு என்றால் திருத்துங்கள், ‘இதைக் கொஞ்சம் பாசிட்டிவாக’ என்றால் சிரித்துவிட்டு வைத்துவிடுங்கள். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது, நான் சொல்லாமல் விட்டு ஒரு நட்பு போயிற்று.

பேலன்ஸ் ஷீட்டில் புரியாத வரி வந்தால் தெரிந்த ஆடிட்டர் யாரிடமாவது காட்டுங்கள், பத்து நிமிட வேலை. காயில் கடைக்காரர் என்ன சொன்னார் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.