பவ் திரஸ்டர் பொருத்துவோருக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

படகின் முன்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளும் பவ் திரஸ்டர் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை, எவ்வளவு திறனுள்ள மோட்டாரை வாங்குவது என்பதையே சுற்றி வருகின்றன. மோட்டாரின் மேல் அச்சிட்டிருக்கும் விசை முழுவதும் நீருக்கு வந்து சேருமா என்பதைத் தீர்மானிப்பவை, புரொப்பல்லரை உள்ளே வைத்து, படகின் முன்பகுதியில் நீர்மட்டத்துக்குக் கீழே குறுக்காகப் பதிக்கும் குழாய் அமைந்திருக்கும் இடமும் கேபிளின் தடிமனும்தான். ஆகவே அவ்விரண்டுக்கும் இங்கே கூடுதலான இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: என்னுடைய ஃபைபர் கிளாஸ் மோட்டார் படகின் நீளம் 10.5 மீட்டர். 35 கிலோ விசையுள்ள திரஸ்டர் போதும் என்கிறார்கள். சரிதானா?

நீளத்தை மட்டும் பார்த்துத் திரஸ்டரைத் தேர்ந்தெடுப்பது சரியான வழியல்ல, ஏனென்றால் திரஸ்டர் எதிர்த்து நிற்க வேண்டியது காற்றை. காற்றோ நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் பக்கப் பரப்பின் மீதுதான் மோதுகிறது. உங்கள் படகின் பக்கப் பரப்பு ஏறக்குறைய 20 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 39 நியூட்டன் அழுத்தம் தரும். கேபினின் வளைவு, சரிவு ஆகியவற்றுக்காக அதில் கால் பங்கைக் கழித்தால், படகின் மீது மொத்தம் 590 நியூட்டன் அளவுக்கு விசை விழும். இந்த விசை படகின் நடுப்பகுதியில் செயல்படுகிறது. படகு பின்முனையை மையமாகக் கொண்டு திரும்புவதாக வைத்துக்கொண்டால், திரஸ்டரோ அங்கிருந்து ஏறக்குறைய 9.5 மீட்டர் தள்ளி இருப்பதால், நெம்புகோலின் நீண்ட கை அதற்குக் கிடைக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் தேவைப்படும் விசை 33 கிலோ அளவில் வருகிறது. அதாவது 35 கிலோ திரஸ்டர் அந்தக் காற்றைச் சமாளித்து நிற்கும், ஆனால் படகைத் திருப்பக் கையில் மிச்சம் எதுவும் இருக்காது. காற்று வினாடிக்கு 10 மீட்டரானால் தேவை 52 கிலோவாக உயர்ந்துவிடும். 55 கிலோ விசைக்குக் குறைவாக வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. உயரமான மேல்தளம் உள்ள படகானால் அதற்கும் மேலே போகலாம்.

கேள்வி: குழாயை எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் வைக்க வேண்டும்?

எவ்வளவு முன்னே வைக்க முடியுமோ அவ்வளவு முன்னே வைக்க வேண்டும். எவ்வளவு ஆழத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு ஆழத்தில் வைக்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும்போது ஆழத்துக்கே முன்னுரிமை தருவேன். குழாயின் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்குக் கீழே, குறைந்தது குழாயின் விட்டத்தில் முக்கால் பங்கு ஆழத்திலாவது இருக்க வேண்டும். முழு விட்ட அளவு கிடைத்தால் மிக நன்று. 185 மி.மீ. குழாயானால் அது 14 முதல் 18.5 செ.மீ. வரை வரும். இதைவிட மேலே வைத்தால் புரொப்பல்லர் மேற்பரப்பிலிருந்து காற்றை உறிஞ்சும். அப்போது இரைச்சல்தான் மிஞ்சும், தள்ளுவிசை கிடைக்காது. மிகவும் முன்னே சென்றால் படகு குறுகிவிடுவதால் குழாயும் மிகக் குட்டையாகிவிடும். மிகவும் பின்னே வந்தால் குழாய் நீண்டு, உட்சுவரின் உராய்விலேயே விசை கரையும். விட்டத்தைப் போல் இரண்டு முதல் நான்கு மடங்கு வரையிலான நீளம் நல்லது.

குழாயின் வாயைப் பலர் கவனிப்பதில்லை. கூர்மையான விளிம்போடு விட்டுவிட்டால், உள்ளே நுழையும் நீர் சுவரை விட்டு விலகிச் சுழித்து, புரொப்பல்லரின் முழுப் பரப்பையும் எட்டாமல் போகிறது. விளிம்பை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு ஆரத்துக்கு உருட்டிவிட்டால் விசையும் கூடும், சத்தமும் குறையும். படகு ஓடும்போது எதிரே வரும் நீர் மோதுவது குழாய் வாயின் பின்புறச் சுவரில்தான். ஆகவே படகின் முன்னே நின்று பார்க்கும்போது அந்தச் சுவர் கண்ணுக்குத் தெரியாதபடி, வாய்க்குப் பின்னால் உள்ள உடற்பகுதியைச் சற்று உள்வாங்கிச் செதுக்கிவிட வேண்டும். வேகப் படகுகளில் இதை விட்டுவிட்டால் வேகம் குறைவதை நன்றாகவே உணரலாம்.

கேள்வி: படகின் உடலில் நானே துளையிட்டு ஒட்டலாமா? எந்த ரெசினைப் பயன்படுத்துவது?

ஃபைபர் வேலையில் பழகிய கையாக இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் இந்தப் பகுதியை மட்டுமாவது படகுக் கட்டுமானத் தொழிலாளியிடம் ஒப்படையுங்கள், ஏனென்றால் நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு பெரிய ஓட்டைகளைப் போடுகிறீர்கள். பழைய பாலியெஸ்டர் உடலோடு எபாக்சி உறுதியாகப் பிடிக்கும். ஆனால் சாதாரணமாகக் கிடைக்கும் நறுக்கிய இழைப் பாயில் இழைகளைச் சேர்த்துக் கட்டும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகவே செய்யப்பட்டது; எபாக்சியில் அது கரையாது, பாய் விறைப்பாகவே நிற்கும். எபாக்சி என்றால் நெய்த துணியையோ தைத்த துணியையோ எடுங்கள். ஒட்டும் இடத்தில் ஜெல்கோட்டை (படகின் வெளிப்புறப் பளபளப்புப் பூச்சை) முழுதாக நீக்கி, தடிமனைப் போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, உள்ளும் புறமும் துணி அடுக்க வேண்டும். படகின் உடல் நடுவில் பால்சா மரமோ நுரையோ வைத்த அடுக்கு வகையானால், வெட்டிய விளிம்பைச் சுற்றி அந்த நடுப்பொருளை அகற்றிவிட்டு, அங்கே ரெசினும் துணியும் மட்டுமே இருக்கும்படி கெட்டியாக்குங்கள். அதைச் செய்யாவிட்டால் பால்சா நீரை இழுத்து அழுகிப்போகும்.

மோட்டாரின் சுழற்சியைப் புரொப்பல்லருக்குக் கடத்தும் கியர் காலை மாட்டும் இடத்தில் மட்டும் குழாயின் மேல் துணி அடுக்கக் கூடாது. அங்கே தடிமன் கூடினால் கால் சரியாக உட்காராது. புரொப்பல்லருக்கும் சுவருக்கும் இடையே இருக்க வேண்டிய சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு பக்கம் அடைந்துபோகும். ஒட்டி முடித்ததும் புரொப்பல்லரைக் கையால் முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

கேள்வி: பின்பக்கத்தில் எஞ்சினுக்கு இருக்கும் பேட்டரியிலிருந்தே கேபிள் இழுத்தால் என்ன? லித்தியம் பேட்டரி வைக்கலாமா?

12 வோல்ட் மோட்டார் 350 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு 9 மீட்டர் தூரமானால், போகவும் வரவுமாக 18 மீட்டர் செம்பு வேண்டும். 70 சதுர மில்லிமீட்டர் கேபிளில்கூட வழியிலேயே ஏறத்தாழ 1.6 வோல்ட் விழுந்துவிடும். அவ்வளவு சுமையில் பேட்டரியின் சொந்த வோல்ட்டேஜும் இறங்கியிருக்கும். மோட்டாரின் முனையில், அது சுழன்றுகொண்டிருக்கும்போதே அளந்தால், 10.5 வோல்ட்டாவது இருக்க வேண்டும். உங்கள் ஏற்பாட்டில் அது கிடைப்பது அரிது. வோல்ட்டேஜ் குறைந்தால் விசை குறையும், மோட்டாரும், அதை இயக்கி நிறுத்தும் மின்சுவிட்சான ரிலேயும் சூடாகும். நிறுவிய திரஸ்டர் பலவீனமாக இருப்பதாக வரும் முறையீடுகளைக் கேட்டால் நான் முதலில் மீட்டரைத்தான் எடுக்கச் சொல்வேன்.

நல்ல வழி, திரஸ்டருக்கு அருகிலேயே தனி பேட்டரி ஒன்றை வைப்பது. போகவர மொத்தம் 3 மீட்டர் கேபிள் என்றால் இழப்பு கால் வோல்ட்தான். பின்னேயிருந்து வரும் கேபிள் அப்போது சார்ஜ் செய்வதற்கு மட்டும்தான். ஆகவே அது மெலிதாக இருக்கலாம், ஆனால் அதன் இரு முனைகளிலும் ஃபியூஸ் இருக்க வேண்டும். 24 வோல்ட்டுக்குப் போனால் அதே திறனுக்கு மின்னோட்டம் பாதியாகக் குறையும் என்பதால், பெரிய படகுகளுக்கு அதுவே பொருத்தம். லித்தியத்தைப் பொறுத்தவரை, சாதாரண 100 ஆம்பியர்-மணி பேட்டரிகள் பலவற்றில் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று 100 ஆம்பியர் அளவுக்கே தொடர்ந்து அனுமதிக்கும். துறையை நெருங்கும் நேரத்தில் அது மின்சாரத்தைத் துண்டித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எஞ்சின் தொடக்கத்துக்கான ஏஜிஎம் (மூடிய வகை ஈய-அமில) பேட்டரியே இங்கே என் தேர்வு.

முதன்மை ஸ்விட்சை ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் ஜாய்ஸ்டிக்கை விட்ட பின்பும் திரஸ்டர் ஓடிக்கொண்டே இருக்கும்; அப்போது உங்களைக் காப்பது அந்த ஸ்விட்ச் ஒன்றுதான்.

கேள்வி: என் படகில் பெட்ரோல் எஞ்சின். ஏதாவது தனிக் கவனம் தேவையா?

கட்டாயம் தேவை. சாதாரணத் திரஸ்டர் மோட்டாரின் கார்பன் பிரஷ்களில் தீப்பொறி எழும். பெட்ரோல் ஆவி சேரக்கூடிய இடத்தில் பொருத்துவதானால் ஐஎஸ்ஓ 8846 தரத்துக்கு உட்பட்ட, தீப்பொறி வெளியேறாத மோட்டாரையே வாங்குங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

கேள்வி: இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடும் எஃகு நேரோபோட் (குறுகிய, நீண்ட கால்வாய்ப் படகு) வைத்திருக்கிறேன். இலையுதிர் காலத்தில் குழாய் அடைத்துக்கொள்கிறது. வாயில் வலை போடலாமா?

வலை வேண்டாம். நெருக்கமான வலை நீரோட்டத்தையும் தடுக்கும், இலைகளையும் தன்மேல் ஒட்ட வைத்துக்கொள்ளும். தேவையென்றால் இரண்டு மூன்று செங்குத்துக் கம்பிகளை மட்டும் பற்றவையுங்கள். குழாயின் மேல்பக்கத்தில், நீர்மட்டத்துக்கு மேலே திறக்கும் மூடியுள்ள சுத்தம் செய்யும் வழி ஒன்றை வைத்தால் படகைக் கரையேற்றாமலேயே குப்பையை எடுக்கலாம். மோட்டார் சத்தம் கேட்டும் படகு நகரவில்லையென்றால், தடை ஏற்படும்போது உடைவதற்கென்றே வைத்திருக்கும் சிறு ஆணியான ‘பின்’ உடைந்திருக்கலாம். மாற்றுப் பின்கள் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். நேரோபோட்களில் காஸ் சிலிண்டர் பெட்டி பெரும்பாலும் முன்பக்கத்திலேயே இருப்பதால், திரஸ்டர் மோட்டாரும் பேட்டரியும் அந்தப் பெட்டிக்குள் இருக்கவே கூடாது. இடையிலுள்ள தடுப்பு காஸ் கசியாதபடி மூடியிருக்க வேண்டும்.

கேள்வி: நின்றிருக்கும்போது நன்றாகத் தள்ளுகிறது, முன்னே செல்லும்போது பலனில்லை. பழுதா?

பழுதில்லை. சுமார் 2 நாட் (மணிக்கு ஏறத்தாழ 3.7 கி.மீ.) வேகத்தைத் தாண்டினால் குழாயிலிருந்து வெளியேறும் நீர்த்தாரை படகின் உடலோடு வளைந்து போய்விடும். அந்த வேகத்தில் சுக்கானைப் பயன்படுத்துங்கள். சில வினாடிகள் அழுத்தி விடுவதே சரியான முறை. இத்தகைய மோட்டார்கள் பல, தொடர்ந்து இரண்டு மூன்று நிமிடங்கள் ஓடுவதற்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டவை.

கேள்வி: ஆண்டுப் பராமரிப்பில் என்ன பார்க்க வேண்டும்?

குழாயின் உட்சுவரில் பாசி, சிப்பி தடுக்கும் வண்ணம் பூசுங்கள். ஆனால் மற்ற உலோகப் பாகங்களுக்குப் பதிலாகத் தான் அரிக்கப்பட்டு அவற்றைக் காக்கும் உலோகத் துண்டான ஆனோடின் மேலும், தண்டின் சீல் இருக்கும் இடத்திலும் பூசாதீர்கள். கடல்நீருக்குத் துத்தநாக ஆனோடு, நன்னீருக்கு மெக்னீசியம், முகத்துவாரம் போன்ற கலப்பு நீருக்கு அலுமினியம். பாதி தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். புரொப்பல்லரின் இதழ்களில் நாலைந்து சிறு சிப்பிகள் ஒட்டியிருந்தாலே விசை குறைவது தெரியும் என்பதால், அங்கே சுரண்டுவதற்குத் தயங்க வேண்டாம். கியர் காலுக்குத் தனி எண்ணெய்க் கலம் உள்ள மாதிரியானால் மட்டத்தைப் பாருங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியாக நீர் நுழைகிறது, படகை மீண்டும் நீரில் இறக்கும் முன் அந்த சீலை மாற்றியாக வேண்டும்.