மக கூப்பிடுறது காதுல விழலைன்னா எப்படிங்க?

கேள்வி: பல வருஷமா ஜாஸ் கேக்குறேன். இந்த இசையை ரெக்கார்ட் பண்ணி வெளியிடுற சின்னக் கம்பெனிங்க, அதான் லேபிள்லாம் தடுமாறுது, இளசுங்க யாரும் இந்தப் பக்கமே வர்றதில்ல. பழைய எல்பி இசைத்தட்டு எங்க கிடைச்சாலும் வாங்கிடுவேன், ராத்திரி ரூம் கதவைச் சாத்திட்டு கேப்பேன், மக வந்து கூப்பிட்டாக்கூட காதுல விழாது, அவ்வளவு நல்ல ஹெட்போன். ஜாஸுக்கு ஆள் சேர்க்கவும் லேபிள்களுக்கு உதவவும் என்ன பண்ணலாம்?

பதில்: இதே புலம்பலோட எத்தனையோ கடிதம் வந்திருக்கு, எல்லாருக்கும் ஊர்ல யாரும் கேக்கலைன்னுதான் கவலை. உங்க கடிதத்துல நான் அந்த ஹெட்போன்லயே நின்னுட்டேன். மக கூப்பிட்டாக்கூட காதுல விழாதுன்னு பெருமையா எழுதியிருக்கீங்களே, அவ எதுக்குக் கூப்பிட்டான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? இளசுங்க வரலைன்னு சொல்றீங்க, ஒரு இளசு உங்க கதவு வரைக்கும் வந்து நின்னுட்டுத் திரும்பிப் போயிருக்கு. பெத்தவங்க ரசிக்கிறதைப் பிள்ளைக்குக் காட்டுறதும் கடமைதான், சோறு போடுற மாதிரி.

ப்ளூ நோட் ரெக்கார்டெல்லாம் வச்சிருப்பீங்க. 1939-ல நியூயார்க்ல ஆரம்பிச்ச லேபிள், அவங்களோட 1950கள் ரெக்கார்டிங் பலதும் எங்க நடந்துச்சு தெரியுமா, நியூஜெர்சி ஹேக்கன்சாக்ல, ரெக்கார்டிங் இன்ஜினியர் ரூடி வான் கெல்டரோட அப்பா அம்மா வீட்டு ஹால்ல. பகல்ல கண் பரிசோதிக்கிற வேலை பார்த்த பையன், 1959-ல தனி ஸ்டூடியோவுக்குப் போற வரைக்கும் அந்த ஹால்லதான் மைக்கை வச்சு வாசிக்க வச்சான். யாரு யாரோ ட்ரம்ஸும் சாக்ஸபோனும் தூக்கிட்டு வந்து நிக்க, பெத்தவங்க ஹாலையே விட்டுக் கொடுத்திருக்காங்க. நீங்க ஒரு கதவைத் தொறக்க மாட்டேங்குறீங்க.

லேபிள் விஷயத்துக்கு வர்றேன். செகண்ட்ஹேண்ட் எல்பிக்கு நீங்க கொடுக்குற காசு வித்தவருக்குத்தான் போகும், வாசிச்சவருக்கும் லேபிளுக்கும் பைசா வராது. ஸ்பாட்டிஃபைல 2024-லேர்ந்து, 12 மாசத்துல 1000 தடவைகூட ஓடாத பாட்டுக்கு ரெக்கார்டிங் ராயல்டியே கிடையாது, சின்ன ஜாஸ் லேபிளோட பாட்டுல எத்தனை அதுல அடிபடும்னு நீங்களே யோசிங்க. அதனால இப்ப உயிரோட வாசிக்கிறவங்க ஆல்பத்தைப் புதுசா வாங்குங்க, லேபிள்கிட்டயே நேரா, இல்லன்னா வாசிக்கிறவங்களும் லேபிளும் நேரா விக்கிற பேண்ட்கேம்ப் வெப்சைட்ல, அங்க டிஜிட்டல் ஆல்பத்துக்கு பொதுவா 15% கமிஷன் போக மிச்சத்துல பெரும்பகுதி அவங்களுக்குத்தான் போகும். அடுத்த ஆல்பம் வர்றதே அந்தக் காசை நம்பித்தான்.

ஆனா வாங்குறப்ப மகளைப் பக்கத்துல உக்கார வைங்க, கவர் பார்த்து அவளே ஒண்ணு எடுக்கட்டும். பாடம் எடுக்காதீங்க, தயவுசெஞ்சு வருஷம் பேரெல்லாம் ஒப்பிக்காதீங்க. ஹால்ல ஸ்பீக்கர்ல போட்டு, பேஸ்னு அடியில கனமா ஒலிக்கிற தந்தி வாத்தியம் நடக்குற நடையை மட்டும் விரல்ல தட்டிக் காட்டுங்க, முதல்ல ஒரு மெட்டு வரும், அப்புறம் அதே சுத்துக்குள்ள ஒவ்வொருத்தரும் அந்த நிமிஷத்துல தோணுறதை வாசிப்பாங்க, கடைசில மெட்டு திரும்பி வரும், அது திரும்பி வர்றதை அவளே கண்டுபிடிச்சுட்டா அவ முகத்தைப் பாருங்க. பிடிக்கலன்னு பாதியில எழுந்து போனா போகட்டும், கோவப்படாதீங்க. மறுநாளும் ஹால்லயே போடுங்க.