செபமாலை தொடங்கியதும் எழும்பிப் போகும் மகன்

சகோதரி, இரவுச் செபமாலை தொடங்கியதும் 14 வயது மகன் எழும்பிப் போகிறான், நேற்று எல்லோர் முன்னாலும் அவனை ஏசிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் எங்கள் வீட்டிலும் இதே சண்டை நடந்தது.

முதலில் நேரத்தைக் குறையுங்கள். செபமாலையின் ஐந்து பகுதிகளான தேவ இரகசியங்களும் மாதா பிரார்த்தனையும் என்றால் அரை மணித்தியாலம் போய்விடும். ரியூசன் முடிந்து சைக்கிள் மிதித்துக் களைத்து வரும் பிள்ளைக்கு அது பாரம்தான். கிழமை நாட்களில் ஒரேயொரு தேவ இரகசியம், அதாவது செபமாலையின் பத்து மணிகள் மட்டும் போதும், ஐந்து நிமிடத்தில் முடியும். முழுச் செபமாலையை ஞாயிறு பின்னேரத்துக்கு வையுங்கள்.

அப்புறம், யாருக்காகச் செபிப்பது என்பதை அவனே சொல்லட்டும். என் மகன் முதல் நாள் மணியை விரலில் உருட்டியபடி, குனிந்த தலை நிமிராமல், "கடலுக்குப் போன அப்பாவுக்கு" என்றான். அந்தப் பயம் அவனுக்குள் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

ஏசியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். செபத்துக்கு நடுவில் வேண்டாம். தேத்தண்ணி கொடுக்கும்போது, தனியாக. பிள்ளைகளுக்குச் சினமூட்ட வேண்டாம் என்று வேதாகமத்தில் எபேசியர் 6:4 தந்தையருக்குச் சொல்கிறது. தாய்மாருக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

கணவர் வீட்டில் நிற்கும் நாட்களில் அவரே செபத்தைத் தொடங்கினால் இன்னும் நல்லது. அப்பா முழந்தாளிடுவதைப் பார்க்கும் பெடியன் சும்மா எழும்பிப் போகமாட்டான்.

ஒரு கிழமை செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். இன்றிரவு எங்கள் செபமாலையின் பத்து மணிகளும் உங்கள் மகனுக்காக.