வாடகை வீட்டில் ஏறு சுவரா? கொஞ்சம் பொறுங்கள் தம்பி

வெளிநாடு வந்து மூன்று மாதம், 6 வயதிலும் 11 வயதிலும் பிள்ளைகள், பாறை ஏறுவதுபோல் வீட்டுக்குள் ஏறிப் பழக எந்தச் சுவர் வாங்கலாம், பள்ளிக்கூடம் எப்படி, ஓட்டுநர் உரிமம் எப்படி என்று ஒரே மூச்சில் கேட்டிருந்தீர்கள் தம்பி. பள்ளிக்கூடமும் உரிமமும் எல்லோருக்கும் நடப்பதுபோல் நடந்துவிடும். சுவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில், வீட்டுச் சுவரில் ஸ்க்ரூ இறக்காதீர்கள். வந்த புதிதில் மகளுக்காகக் கதவுக்கு மேலே ஒரு விரல் பலகையை, அதாவது விரல் நுனியால் தொங்கிப் பழகும் பலகையை, நாலு ஸ்க்ரூவில் மாட்டினேன். செங்கல் சுவர் என்ற நினைப்பு! இருந்ததோ அரை அங்குல ஜிப்சம் பலகை, பின்னால் வெறும் காற்று. நல்லவேளை, நான்தான் முதலில் தொங்கிப் பார்த்தேன். மூன்று நொடிகூட இல்லை, சுவரில் ஒரு தட்டளவு பெயர்ந்து என்னோடு கீழே வந்தது. மூக்கு, மீசை எல்லாம் வெள்ளைப் பொடி. அதற்கு டெபாசிட்டில் பிடித்தது நியாயம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் போட்ட கீறலையும் என் தலையில் கட்டினாரே வீட்டுக்காரர், அது இன்னும் ஆறவில்லை. குடிபோகும் அன்றே சுவரையெல்லாம் படம் எடுத்து வையுங்கள்.

ஜிப்சத்துக்குப் பின்னால் 16 அல்லது 24 அங்குலத்துக்கு ஒன்றாக மரச் சட்டம் நிற்கும். சொந்த வீடென்றால் அதில் முடுக்கலாம். வாடகைக்குத் தானாக நிற்கும் சட்டகம்தான் சரி. 18 மில்லிமீட்டர் பிளைவுட், பின்பக்கம் பிடியின் போல்ட்டை இறுக்கும் டி-நட், முன்பக்கம் பிடிகள். பிடி சுற்றாமல் இருக்க ஓரத்தில் இன்னொரு சின்ன ஸ்க்ரூ.

நம் ஆட்களில் சிலர், 40 டிகிரி முன்னால் சாய்ந்த மூன்போர்டு என்ற பயிற்சிப் பலகை இல்லாவிட்டால் அதெல்லாம் ஒரு சுவரா என்பார்கள். அவர்கள் வீட்டில் அதில் துணி காய்கிறது, கண்ணால் பார்த்தேன். 8 அடிப் பலகையை அந்த அளவு சாய்த்தால் மேல்முனை 5 அடிக்கு மேல் அறைக்குள் வந்துவிடும். 20 டிகிரி என்றால் மூன்றடிக்கும் குறைவு, சின்னவனும் ஏறுவான். சாய்வை மாற்றிக்கொள்ளும்படி இருந்தால் இன்னும் நல்லது.

பிடியில் மிச்சம் பிடித்தாலும் கீழே விரிக்கும் மெத்தையில் பிடிக்காதீர்கள். இரண்டு மெத்தைக்கு நடுவில் இடைவெளி விட்டால் கணுக்கால் அங்கேதான் போகும். பெரியவனுக்கு விரல் பலகை வேண்டவே வேண்டாம். வளரும் வயதில் விரல் எலும்பின் முனையருகே வளரும் பகுதி இன்னும் குருத்தெலும்புதான், குறுகலான விளிம்பில் தொங்கித் தொங்கி அங்கே விரிசல் விழலாம். நீங்கள் ஏறும்போது மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

பிடி என்ன நிறம் என்றும் கேட்டீர்கள். எதுவானால் என்ன?

என் சட்டகத்தை நானே அறுத்து முடுக்கினேன். அதுவரை டிரில்லைத் தொட்டதே இல்லை. சோபா நடைவழிக்குப் போனது, வீட்டில் ஒரு வாரம் என்னோடு பேச்சில்லை. அப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். பள்ளியில் வாயே திறக்காத மகள், மெத்தை ஓரத்தில் நின்றுகொண்டு அவர்கள் மொழியில், "இடது கால், இன்னும் மேலே, அது இல்லை, அதற்கு அடுத்தது!" என்று கத்தினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டேன்.